பாலுக்குக் கோட்டு சூட்டு

"அண்ணா, நீங்கள் பகிடியா எழுதுவீங்கள்தானே? எனக்கு நாலு வரி எழுதித் தாங்கோ. நாளைக்குத்தான் கடைசி நாள்."

சித்தியின் கடைக்குட்டி அனுப்பிய குரல்செய்தி இது. அவள் இந்த வருடம் செகோண்டேர் 5 முடிக்கிறாள். பாடசாலை ஆல்பத்தில் ஒவ்வொருவருடைய படத்துக்குக் கீழேயும் ஒரு சின்னக் குறிப்புப் போடுவார்கள். நண்பர்களுக்கு நன்றி, ஆசிரியருக்கு ஒரு நக்கல், அம்மா அப்பாவுக்கு ஒரு முத்தம், கடைசியில் வெளியாளுக்கு விளங்காத ஏதோ ஒரு குறியீடு. அதைத்தான் என்னிடம் கேட்கிறாள். நான் பகல் முழுக்க மற்றவர்களுடைய கணினிகளில் பிழை தேடுகிற ஐ.ரி. ஆலோசகன். பகிடி எழுதச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டுப் பல காலம். கடைசியாக 2008 இல் எழுதினேன். அதற்குப் பிறகு எழுதவில்லை. ஏன் என்று அவளுக்குச் சொல்ல வெளிக்கிட்டால் குரல்செய்தி நீண்டுவிடும். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒரு விளக்கம். உங்களுக்கு 12ஆம் வகுப்பு வரை இருக்கிறது. கியூபெக்கில் எங்களுக்கு 11 உடன் சரி. 16, 17 வயதில் பாடசாலை எங்களை வெளியே அனுப்பிவிடும். அதன் பிறகு சேஜெப். அது பாடசாலையும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை, 1967 இல் இந்த மாகாணம் தனக்கென்று உண்டாக்கிய ஒரு நடு வீடு. பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு அங்கே இரண்டு வருடம், தொழில் படிக்கிறவர்களுக்கு மூன்று. அந்த இடத்தில் ஆளுக்கொரு திசை. அதனால் ஒன்றாய் வளர்ந்த கூட்டம் கலைகிற இடம் செகோண்டேர் 5 தான். அதைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். ஆல்பம், எல்லாருடைய பெயரும் அச்சடித்த ஹூடி, பகிடிப் பரிசளிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே 'பால்'.

நடன விருந்துக்குப் பிரெஞ்சில் 'பால்' என்பார்கள். எங்கள் வீட்டில் அது தொடங்கின விதம் இப்படி.

"அம்மா, பாலுக்கு நூற்றிருபது டொலர் வேணும்."

"என்ன பால்? கடையில நாலு லீற்றர் ஆறு டொலர்தானே."

"அந்தப் பால் இல்லை அம்மா. ஸ்கூல் முடியிற பால். கோட்டு சூட்டும் வேணும்."

"பாலுக்கு ஏன்ரா கோட்டு சூட்டு?"

அப்பா ரீவியில் இருந்து கண்ணை எடுக்காமல், "டான்ஸ் ஆடப் போறானாம்" என்றார். அம்மா கரண்டியோடு திரும்பி, "ஆரோட?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரைக்கும் பதில் சொல்லவில்லை.

மொன்ட்ரியாலில் தமிழ்ச் சனம் என்றால் பார்க்-எக்ஸ்டென்சன், இல்லாவிட்டால் கோட்-டே-நேஜ். நாங்கள் மட்டும் தீவின் வடகிழக்கில், ஆற்றங்கரைப் பக்கம், மொன்ட்ரியால்-நோரில் இருந்தோம். வாடகை குறைவு, அப்பா வேலை செய்த தொழிற்சாலை பக்கத்தில் ஆஞ்சுவில் இருந்தது. 11 சதுர கிலோமீற்றரில் 80,000க்கு மேல் சனம், ஆனால் ஒரு மெட்ரோ நிலையம்கூட இல்லை. டொலார்-டே-ஓர்மோவில் இருக்கிற முருகன் கோயில் தீவின் மற்றத் தொங்கலில். ஒரு பஸ், ஒரு மெட்ரோ, திரும்ப ஒரு பஸ். நாங்கள் போய்ச் சேரப் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசை தொடங்கியிருக்கும். முருகனை விட மோதகத்தைத்தான் நான் கூடப் பார்த்திருக்கிறேன்.

1977 இல் வந்த மொழிச் சட்டம் 101 எங்களைப் போன்ற குடியேறிகளின் பிள்ளைகள் எல்லாரையும் பிரெஞ்சுப் பாடசாலைக்கு அனுப்பியது. அதனால் என் வகுப்பில் எயிட்டி, அல்ஜீரியா, மொரோக்கோ, எல் சல்வடோர், இத்தாலி, ஒரு சில பழைய கியூபெக் குடும்பங்கள் என்று எல்லாரும். மதியச் சாப்பாட்டு மேசைதான் உண்மையான வகுப்பறை. எயிட்டிக்காரி ஒருத்தி பிக்லிஸ் கொண்டுவருவாள். கோவாவும் கரட்டும் கொச்சிக்காயும் வினாகிரியில் ஊறினது. நான் அம்மாவின் கட்டைச் சம்பல் கொண்டுபோவேன். எது கூட உறைப்பு என்று ஒரு வருடமாகச் சண்டை. நடுவராக அல்ஜீரியப் பெடியன் ஒருவனைப் போட்டோம். "நாங்கள் ஹரிசா சாப்பிட்டு வளர்ந்தவர்கள்" என்று நெஞ்சை நிமிர்த்தினவன், இரண்டையும் ஒரே வாயில் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்கு வரவில்லை. தாதி அறையில் பால் குடித்துக்கொண்டிருந்தான். சாதாரணப் பால்.

அவளுக்குக் கோபம் வந்தால் பல்லுக்குள்ளால் 'ச்சிப்' என்று ஒரு சத்தம் இழுப்பாள். எயிட்டிக்காரருக்கு அது ஒரு முழு வசனம். எங்கள் அம்மாமார் நாக்கைத் தட்டி விடுகிற சத்தமும் அதுவும் அண்ணன் தம்பி மாதிரி. ஒரு பெற்றோர் நாளில் என் அம்மாவும் அவளுடைய அம்மாவும் ஒரே ஆசிரியரைப் பார்த்து ஒரே நேரத்தில் அந்தச் சத்தத்தை விட்டார்கள். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவருக்கு மற்றவருடைய மொழியில் ஒரு சொல் தெரியாது.

பெயர்களை வேண்டுமென்றே விடுகிறேன். எல்லாரும் இப்போது பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள்.

வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெடியன் இருந்தான். கிளிநொச்சிக்காரன். அவனுடைய அப்பா முதலில் அகதியாக வந்து, பிறகு 2005 இல் குடும்பத்தைக் கூப்பிட்டவர். அவன் வந்தவுடன் ஒரு வருடம் 'அக்கோய்' வகுப்பில் இருந்தான். புதிதாய் வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மட்டும் ஊட்டுகிற வரவேற்பு வகுப்பு அது. அடுத்த வருடம் எங்களோடு சேர்த்துவிட்டார்கள். நான் இங்கே பிறந்தவன். என் பிரெஞ்சில் உச்சரிப்புப் பிழை இல்லை, என் தமிழில்தான் இருந்தது. அவனுக்கு நேர்மாறு. ரீச்சர்மார் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். நான் ஒவ்வொரு தவணையும் ஒரு வரிசை தள்ளித் தள்ளிப் போனேன். அப்போது அதற்கு நான் என்னிடமே காரணம் கேட்கவில்லை.

அவனிடம் ஒரு பழக்கம். பிந்தி வருவான். தினமும் இல்லை, ஆனால் வந்தால் அரை மணித்தியாலம் பிந்தி வருவான். அலுவலகத்தில் பிந்தின சீட்டு எடுத்துக்கொண்டு, காதெல்லாம் சிவந்து, சப்பாத்தில் பனியோடு கதவில் நிற்பான். 2007-2008 குளிர்காலத்தில் மொன்ட்ரியாலில் மூன்றரை மீற்றருக்கு மேல் பனி கொட்டியது. நடைபாதைக்கும் வீட்டுக்கும் இடையில் மனிதர் உயரத்துக்குப் பனி மதில். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் கையில் பிந்தின சீட்டு. எங்கள் சரித்திர ஆசிரியருக்குப் பட்டப்பெயர் 'அடுத்த கிழமை', ஏனென்றால் பரீட்சைத் தாளை எப்போது தருவார் என்று கேட்டால் அதைத்தான் சொல்வார். அந்த மனிதரே அவனைப் பார்த்து, "நீ என்னை விடப் பிந்துகிறாய்" என்றார்.

ஒரே ஒரு நாள் மட்டும் அவன் நேரத்துக்கு வந்து நாங்கள் எல்லாரும் பிந்தினோம். 2008 ஏப்ரல் 21, திங்கட்கிழமை இரவு. மொன்ட்ரியால் கனடியன்ஸ் ஏழாவது ஆட்டத்தில் பொஸ்டனை 5-0 என்று வென்றது. நகர மையத்தில் வெற்றிக் கொண்டாட்டம் கலவரமாகிப் பொலிஸ் வண்டிகளை எரித்தார்கள். நாங்கள் ரீவியில் அதைப் பார்த்துக்கொண்டே விடிய விட்டோம். செவ்வாய் காலை முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் அவனும் ஆசிரியரும் மட்டும். ஆசிரியர் வருகைப் பதிவில் அவனுடைய பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் போட்டாராம்.

இப்போது ஹூடிக் கதை. கடைசி வகுப்பார் எல்லாருடைய பெயரையும் சின்ன எழுத்தில் அடுக்கி, முதுகில் '08' என்ற எண் வடிவத்துக்கு அச்சடிப்பார்கள். முன்பக்கம் பாடசாலைப் பெயரும் மொன்ட்ரியால்-நோர் என்ற ஊர்ப் பெயரும். பெயர் கொடுக்கும் தாளில் நான் என் பெயரின் முதல் அஞ்சு எழுத்தை மட்டும் எழுதினேன். பார்த்தால் ஏதோ பிரெஞ்சுப் பெயர் மாதிரி இருக்கும். இடம் போதாது என்று காரணம் சொன்னேன். அவன் தன்னுடைய பெயரை முழுதாக எழுதினான், அதுவும் அப்பாவின் பெயரோடு. '8' இன் கீழ் வளைவில் முக்கால்வாசிக்கு அவன்தான்.

பகிடிப் பரிசளிப்புக்கு எழுதும் வேலையை எனக்குத் தந்தார்கள். எனக்கு அதில் பெருமை. பிரெஞ்சு கற்பித்த மாடாம் தான் பொறுப்பு. அவர் எங்களுக்கு அந்த மே மாதம் மாகாணப் பரீட்சைக்கு 500 சொல்லில் கருத்துரை எழுதப் பழக்கினவர். நான் கொண்டுபோன ஒவ்வொரு பகிடியையும் சிவப்புப் பேனாவோடு வாசித்தார். கன்ரீனில் யார் எந்த மேசையில் இருக்கலாம் என்று தீர்மானித்த எயிட்டிக்காரிக்குக் 'குடிவரவு அமைச்சர்' பரிசு. அல்ஜீரியப் பெடியனுக்கு ஒரு பக்கெட் பால். ஒரே பரீட்சையை ஆளுக்கு ஆள் மாறி எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்ட இரட்டையருக்கு ஒரே ஒரு சான்றிதழ், பாதியாய்க் கிழித்தது. எல்லாவற்றுக்கும் மாடாம் சிரித்தார். 'பிந்தி வாற ராசா' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"இதைக் கேட்டு அவன் சிரிப்பானா?" என்று கேட்டார்.

"சிரிப்பான் மாடாம். எனக்கு அவனைத் தெரியும். அவன் எங்கட ஆள்."

இரண்டு வருடமாக வரிசை தள்ளி இருந்தவன், அந்த ஒரு நிமிடத்துக்கு அவனை என் ஆளாக்கிவிட்டேன். மாடாம் பேனாவை மூடினார்.

ஜூன் மாதம், மண்டபம் நிறையச் சனம். டொலராமாவில் வாங்கின, தலையில் இரண்டு மணி வைத்த அலாரம் மணிக்கூடு ஒன்றுதான் பரிசு. பெயரை வாசித்தேன். அவன் மண்டபத்திலேயே இல்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த இரண்டு பரிசு கொடுத்து முடியப் பின்கதவால் வந்தான். சிரிப்பு இன்னும் கூடியது. மேடைக்கு வந்து மணிக்கூட்டை வாங்கினான், திருகினான், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்து அடிக்கவிட்டான். மண்டபம் காதைப் பொத்தியது. பிறகு பிரெஞ்சில் மெதுவாக, "நன்றி. எங்கள் வீட்டில் இது இரண்டரை மணிக்கு அடிக்கும்" என்றான். பின்னேரம் இரண்டரை என்று நினைத்துச் சனம் திரும்பச் சிரித்தது.

பிறகு ஒலிவாங்கியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்:

"மச்சான், உன்ர அப்பாவுக்கும் ஒண்டு வாங்கியிருக்கலாமே."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று முன்வரிசை கத்தியது. நான் ஒலிவாங்கியில், "எல்லாருக்கும் நன்றியாம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதலாவது மொழிபெயர்ப்பு அதுதான்.

பேப்பர் போடுவது என்றால் என்ன என்று இப்போது உங்களில் பலருக்குத் தெரியாது. லா பிரெஸ் பத்திரிகை 2015 முடிவோடு கிழமை நாட்களில் அச்சடிப்பதை விட்டது, 2017 முடிவோடு சனிக்கிழமைப் பதிப்பையும் விட்டது. விளம்பரத் தாள் பைகளும் 2023 இல் மொன்ட்ரியாலில் நின்றுவிட்டன. எங்கள் அப்பாமார் வந்த காலத்தில் கோப்பை கழுவுவதும் பேப்பர் போடுவதும்தான் மொழி தெரியாமல் செய்யக்கூடிய வேலைகள். விடிய இரண்டரைக்கு எழும்பி, களஞ்சியத்தில் கட்டுக் கட்டாக எடுத்து, ஈரம் படாமல் ஒவ்வொன்றாகப் பிளாஸ்ரிக் பையில் போட்டு, காரில் அடுக்கி, சனம் கோப்பி குடிக்க எழும்ப முன்னம் கதவடியில் வைத்துவிட வேண்டும். மொன்ட்ரியாலில் பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியில்தான். வளைந்த இரும்புப் படி, மேலே ஐஸ். பேப்பர் நனைந்தால் முறைப்பாடு, முறைப்பாடு வந்தால் காசில் வெட்டு. பனி கொட்டின நாளில் இரண்டு மணித்தியால வேலை நாலு மணித்தியாலமாகும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அப்பா தொழிற்சாலைக்குப் போக முன்னம் 12 வருடம் இதைச் செய்தவர். 2006 மாசியில் ஒரு படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு ரூட்டை விட்டுவிட்டார். யாரிடம் விட்டார் என்றும் எனக்குத் தெரியும். கிளிநொச்சிக்காரனின் அப்பாவிடம். அந்த மனிதர் ஏற்கெனவே ஒரு ரூட் வைத்திருந்தவர். இரண்டையும் ஒரு ஆள் செய்ய ஏலாது, அதனால் மகன் கூடப் போனான்.

தனித்தனியாக எல்லாம் எனக்குத் தெரியும். சேர்த்துப் பார்க்கவில்லை. இன்றைக்கு என்னுடைய தொழிலே பதிவுகளை வரிசையாக வைத்து எங்கே பிழைத்தது என்று சேர்த்துப் பார்ப்பதுதான். பனி கொட்டின திகதிகளையும் அவனுடைய பிந்தின சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் 16 வயதிலேயே விளங்கியிருக்கும். எங்கள் அப்பாவின் படிகளில் ஏறித்தான் அவன் பிந்தினான். சேர்த்துப் பார்க்கக்கூடாது என்று எனக்குள் ஏதோ ஒன்று இருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவனை எல்லாரும் சிரித்தால் அவனுக்கும் எனக்கும் நடுவில் இன்னும் ஒரு வரிசை கிடைக்கும்.

பரிசளிப்பின் கடைசிப் பரிசை எனக்குத் தெரியாமல் எயிட்டிக்காரி எழுதிவைத்திருந்தாள். என்னைக் கூப்பிட்டுக் கையில் ஒரு கத்தரிக்கோலைத் தந்தாள். "ஹூடிக்காகத் தன் பெயரைத் தானே வெட்டியவருக்கு" என்று வாசித்தாள். நானும் பெரிதாகச் சிரித்தேன். முகம் சுட்டது.

அன்றிரவு அப்பாவிடம் முழுக்கச் சொல்லவில்லை, அரைவாசி சொன்னேன். அவர் ஏசுவார் என்று பார்த்தேன். அவர் தன்னுடைய 'ஓட்டோகிராப்' பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். முடிக்கும்போது எல்லாரும் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்து கூட்டாளிமாரிடம் எழுதி வாங்குவார்களாம். முக்கால்வாசிப் பேர் 'வாழ்க வளமுடன்' என்று எழுதுவார்கள். ஒருவன் மட்டும், "என்ர கொம்பாஸ் பெட்டியைத் திருப்பித் தராமல் போகிறாய், ஆகையால் உன்னை நான் ஒருநாளும் மறவேன்" என்று எழுதினானாம். அந்தக் கொப்பி 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. அப்பாவுக்கு அந்த ஒரு வரி மட்டும் பாடம். "பெட்டியைக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆள் இப்ப இல்லை" என்றார்.

பாலுக்குப் போனோம். கோட்டு சூட்டு வாடகைக்கு. மற்றவர்கள் லிமோசினில் வந்து இறங்க, அப்பா என்னைக் கொரோலாவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாகனத் தரிப்பிடத்திலேயே இரவு 12 மணிவரை பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டு காவல் இருந்தார். அம்மா சுற்றித் தந்த ரோல்ஸ் 40 ஐயும் அல்ஜீரியப் பெடியன் தலைமையில் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். கிளிநொச்சிக்காரன் வரவில்லை. நூற்றிருபது டொலர் என்பது எத்தனை பேப்பர் என்று அவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். 'அடுத்த கிழமை' என்று தள்ளிக்கொண்டே போனேன்.

இரண்டு மாதம் கழித்து, ஓகஸ்ட் 9, சனிக்கிழமை பின்னேரம். ஹென்றி-பூராசா பூங்காவின் வாகனத் தரிப்பிடத்தில் பிரெடி வில்லனுவேவா என்ற 18 வயதுப் பெடியனைப் பொலிஸ்காரர் ஒருவர் சுட்டார். அவன் கையில் ஆயுதம் இல்லை. இன்னும் இரண்டு பேர் காயம். நாங்கள் கூடைப்பந்து விளையாடப் போகிற பூங்கா அது. அடுத்த நாள் ஞாயிறு இரவு ஊர் எரிந்தது. கார்கள், குப்பைத் தொட்டிகள், கடைக் கண்ணாடிகள். அம்மா எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு எங்களை நடு அறையில் இருத்தினார். இதெல்லாம் அவருக்குப் பழக்கமான வேலை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விடிய இரண்டரை மணிபோலத் தொலைபேசி அடித்தது. கிளிநொச்சிக்காரனின் அப்பா. அவருடைய காரை எடுக்க ஏலாதாம், தெருவைப் பொலிஸ் மறித்திருக்கிறதாம். எங்கள் வீடும் பழைய ரூட்டும் கலவரத் தெருக்களுக்கு மேற்கே, அங்கே அமைதி. அப்பா சப்பாத்தைப் போடத் தொடங்கினார். உடைந்து பொருந்தின அந்த மணிக்கட்டால் நாடாவைக் கட்ட அவர் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, "நான் போறன்" என்றேன். அம்மா வாய் திறக்க முன்னம் அப்பா கார்த் திறப்பைத் தூக்கித் தந்தார். எனக்கு அப்போது பயில்நர் அனுமதி மட்டும்தான். அது நினைவு வந்ததும் அவரே ஓட்ட வந்தார்.

ஒரு மூலையில் அவன் நின்றான். முதுகில் '08', நெஞ்சில் மொன்ட்ரியால்-நோர், அந்த ஹூடி. ஆடிக் காலமென்றாலும் விடியற்காலையில் குளிர்ந்தது. என்னுடையது அலுமாரியில் கிடந்தது. காற்றில் இரப்பர் எரிந்த மணம்.

என்னைப் பார்த்து, "ரெண்டு நிமிசம் பிந்திட்டாய் மச்சான்" என்றான்.

கட்டுகளை உடைத்தோம். முதல் பக்கத்தில் எங்கள் ஊர். எங்களுக்குத் தெரிந்த தெரு, நெருப்பு. அந்தப் படத்தை மடித்து மடித்துப் பைக்குள் போட்டு, அந்த ஊர்ச் சனத்தின் கதவடியிலேயே கொண்டுபோய் வைத்தோம். படிகளை அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான், எந்தப் படி ஆடும், எந்த வீட்டில் நாய், எந்தக் கிழவி பேப்பரைக் கையில் தரச் சொல்லும் என்று. ஒரு இடத்தில் அப்பா விழுந்த படியைக் காட்டினான். எனக்கு அதுவரை அது எது என்று தெரியாது. அங்கே நின்று, "மேடையில அப்பிடிச் செய்தது..." என்று தொடங்கினேன். "அந்த மணிக்கூடு நல்லா வேலை செய்யுது" என்றான். அடுத்த கட்டை என் கையில் தந்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் வேலை தேடும்போது எங்களில் சிலர் விலாசத்தில் லாவாலில் இருக்கிற மாமா வீட்டை எழுதினோம். எச் 1 ஜி என்று தொடங்குகிற தபால் குறியீட்டைப் பார்த்தால் கூப்பிடமாட்டார்கள் என்ற கதை ஓடியது. நானும் எழுதினேன். அவன் எழுதவில்லை. சேஜெப் முதல் நாளுக்கும் அந்த ஹூடியோடுதான் வந்தான், பிந்தி. அடுத்த வருடம் மே மாதத்தோடு அவனுடைய அம்மம்மாவின் தொலைபேசியும் நின்றுவிட்டது. அதைப் பற்றி எழுத அவனுக்குத்தான் உரிமை.

சித்தியின் மகளுக்கு நான் நாலு வரி எழுதி அனுப்பினேன். ஒரு வகுப்புத் தோழியைப் பற்றி ஒரு நக்கல் வரியும் கேட்டிருந்தாள். அவளிடம் காட்டிவிட்டுப் போடு என்று அந்த வரியை மட்டும் வெறுமையாக விட்டேன். "போர் அண்ணா" என்று பதில் வந்தது. பிறகு இந்தக் கதையின் முதல் படியை அனுப்பினேன். அரை மணித்தியாலம் சத்தமில்லை.

"அந்த அண்ணா இப்ப என்ன செய்யிறார்?"

"பஸ் ஓடுறார். பீ-நேவ் தெருவில, 439."

"நேரத்துக்கு வருவாரோ?"

"பனி இல்லாட்டி வருவார்."